விட்டு வந்த சமயமும் விடாத குரலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையில் சில கல் தொலைவில் இருப்பது திருமழிசை. ஆழ்வார் பன்னிருவருள் ஒருவரான திருமழிசையாழ்வார் தோன்றிய ஊர் அது. சமணம், பௌத்தம், சைவம் ஆகிய சமயங்களில் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து கற்று வெளியேறினார் என்பதும், முடிவில் பேயாழ்வாரால் திருமாலடியார் ஆனார் என்பதும் வைணவ மரபு கூறும் வரலாறு. நான்முகன் திருவந்தாதியைப் படிப்பவர்க்கு ஒன்று புலப்படும். பிற சமயங்களை மறுக்கும் இடங்களில் அவர் குரல், அவற்றின் உள்ளே இருந்து பார்த்துவிட்டு வந்தவரின் குரலாக ஒலிக்கிறது. எந்த வாசல் வழியாக வெளியே வந்தாரோ அந்த வாசலின் அமைப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருநாவுக்கரசர் வரலாறும் இத்தகையதே. திருவாமூரில் சைவக் குடியில் பிறந்து, சமணத்தில் புகுந்து தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை நிலை எய்தி, தமக்கை திலகவதியாரால் திருவதிகையில் மீண்டும் சைவரானவர் அவர். சமணராய்க் கழித்த நாளை அவர் தம் பதிகங்களில் மீண்டும் மீண்டும் நினைத்து வருந்துகிறார். விட்டுவிட்ட சமயத்தை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. அது அவர் பாட்டுக்குள் வந்து நின்றுகொண்டே இருக்கிறது.

இவ்விருவரும் ஒரு சமயத்தை விட்டு மற்றொரு சமயத்தை அடைந்தவர்கள். அவர்களுக்கு இறுதியில் பாடுவதற்கு ஓர் இறைவன் கிடைத்தான். கடந்த நூறாண்டுத் தமிழ் மேடையில் வேறொரு வகையினர் தோன்றினர். சமயச் சூழலில் வளர்ந்து, சமயக் கதைகளாலேயே நடிப்பும் பாட்டும் பயின்று, பின்னர் அந்நம்பிக்கையை விட்டு வேறு எந்தக் கோயிலுக்கும் செல்லாமல் நின்றவர்கள் அவர்கள். நம்பிக்கை போன பிறகு அச்சமயம் அவர்களிடம் எதை வைத்துவிட்டுச் செல்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இக்கேள்வி தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1830ஆம் ஆண்டு தோன்றிய, மார்மன் சபை என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஊர்தோறும் உள்ள அச்சபையின் கூட்டங்களில் ஊதியம் பெறும் போதகர் கிடையாது. உறுப்பினர்களே முறைவைத்து எழுந்து பேசுகின்றனர். வளரும் பிள்ளைகளுக்கும் அம்முறை வரும். சிறு குழந்தைகள் ஆண்டுக்கொரு முறை சபை முன் நின்று பாடுகின்றனர். இளைஞர்கள் இரண்டாண்டுக் காலம் அறியாத ஊர்களுக்குச் சென்று கதவு கதவாகத் தட்டி, முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பழகுகின்றனர். ஒரு நடிகனுக்கோ பாடகனுக்கோ இதைவிட நல்ல பயிற்சிக் கூடம் அமைவது அரிது. அந்தச் சபையில் சிறுமியாக வளர்ந்து, பெற்றோர் மணமுறிவுக்குப் பின் அதை விட்டு விலகிய ஏமி ஆடம்ஸ் பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட நடிகையானார். நியான் ட்ரீஸ் என்னும் இசைக் குழுவின் பாடகர் டைலர் கிளென் சபையின் ஊழியப் பணிக்கே சென்று வந்தவர். தன்பாலினத்தவர் குறித்துச் சபை 2015இல் எடுத்த முடிவினால் மனமுடைந்து விலகினார். 2016இல் அவர் வெளியிட்ட இசைத் தொகுப்பின் பெயரே ‘சபை நீக்கம்’ என்று பொருள்படும். சபை கற்பித்த குரலைக் கொண்டே அவர் சபையோடு வாதிட்டார்.

தமிழ் மேடையில் இந்த வாதம் இன்னும் நீண்டது, இன்னும் நுட்பமானது.

பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை தொடங்கினார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘பிரகலாதன்’ முதலிய அவருடைய நாடகங்களே அக்காலப் பிள்ளைகளின் பாடப்புத்தகம். டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில் பயின்றவர்கள். 1925இல் அவர்களே தனிச் சபை கண்டனர். எட்டு வயதிலும் பத்து வயதிலும் வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், விடியற்காலையில் எழுந்து பாட்டை மனப்பாடம் செய்து, வாத்தியாரிடம் அடி வாங்கி, இரவில் முருகனாகவும் பிரகலாதனாகவும் மேடையேறினர்.

இந்தப் பிள்ளைகளின் நிலையை ஆழ்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும். திரைக்கு முன்னே மக்கள் கைகூப்பி நிற்பதை அவர்கள் காண்கின்றனர். திரைக்குப் பின்னே அரிதாரக் குழைவையும், அட்டையில் காக்கிதம் ஒட்டிச் செய்த கிரீடத்தையும் அவர்களே காண்கின்றனர். பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்தியின் வலிமையும் அதன் ஒப்பனையும் ஒரே இரவில் தெரிந்துவிடுகின்றன. அவர்களுள் சிலர் கைகூப்பிய மக்களின் பக்கம் வாழ்நாள் முழுதும் நின்றனர். ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் எனப் பெயர் பெற்ற தி.க. சண்முகம் அத்தகையவர். வேறு சிலர் அட்டைக் கிரீடத்தை மறக்க இயலாதவர்களாயினர்.

தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்திலும் இவ்விரட்டைக் காட்சி உண்டு. திரௌபதியம்மன் திருவிழாவில் அருச்சுனன் தபசு நடக்கும் இரவில், கம்பத்தின் மேலேறும் கூத்துக்கலைஞர் கீழே எறியும் பூவுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பர். மேலே ஏறியவருக்கு அந்தக் கம்பத்தின் வழுக்கலும் தெரியும். கீழே ஏந்திய மடிகளும் தெரியும். இரண்டையும் ஒருசேரச் சுமப்பதே கலைஞரின் வாழ்க்கை.

கம்பெனிகளில் வளர்ந்து பகுத்தறிவுப் பக்கம் வந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். அவர் பிறந்த நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடையிலும் சுடலைமாடன் கொடையிலும் இரவெல்லாம் பாடப்படுவது வில்லுப்பாட்டு. அந்தக் கலையை நகர மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் குறிப்பிடத்தக்கவர். எனினும் அவருடைய கலையின் உச்சம் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபமே. அறிஞர் அண்ணா எழுதி 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் அது இடம்பெற்றது. பாட்டு உடுமலை நாராயணகவியுடையது.

கிந்தனாரின் வரலாறு பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் தொடங்குகிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாக்கி, சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் என்னும் பண்ணையாரைப் படைத்து, சிதம்பரம் போக விடைகேட்டு ஏங்கும் நந்தனைக் கதாகாலட்சேப மேடைக்குத் தந்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ திரைப்படம் அந்த ஏக்கத்தை ஊர்தோறும் கொண்டுசென்றது. அதன்பின் ஏழாண்டு கழித்துக் கலைவாணர் பாகவதர் கோலத்தில், பின்பாட்டுக்காரர்கள் சூழ, அதே காலட்சேப முறையில் கிந்தன் கதையைச் சொன்னார். நந்தன் சிதம்பரத்திற்கு ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்கினான். நந்தன் தில்லை சென்று தீயில் மூழ்கினான். கிந்தன் ரயிலேறிச் சென்னை சென்று படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பினான்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. காலட்சேபத்தின் சுருதியும் தாளமும் தெரியாதவர் கிந்தனாரைச் செய்திருக்க முடியாது. நந்தனின் ஏக்கத்தை உள்ளபடி உணராதவரும் செய்திருக்க முடியாது. பாகவதரின் இழுப்பையும் நிறுத்தத்தையும் அவர் கேலி செய்தார் என்பது உண்மை. ஆயின் அந்தக் கேலியின் அடியில் ஒரு பெருமதிப்பு இருக்கிறது. ‘போக வேண்டும்’ என்னும் ஏக்கத்தை அவர் அப்படியே வைத்துக்கொண்டு, போகும் ஊரை மட்டும் மாற்றினார். பக்தி மரபு தந்த உணர்ச்சியை வீணாக்காமல் வேறொரு வாய்க்காலில் திருப்பினார்.

நடிகவேள் எம்.ஆர். ராதாவின் வழி வேறு. 1907இல் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து வளர்ந்தவர். புராண நாடகம் எப்படி நடத்தப்படுகிறது என்பது அவருக்கு மனப்பாடம். பெரியாரின் தொண்டராகிய பின்னர் அவர் 1954இல் இராமாயணத்தையே தலைகீழாக்கி மேடையேற்றினார். மனம் புண்படுவோர் நாடகத்திற்கு வரவேண்டா என்று அவரே விளம்பரம் செய்ததாக நாடக உலகில் இன்றும் பேசப்படுகிறது. அவ்வாண்டிலேயே நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. அவரை மனத்தில் வைத்தே அது வந்தது என்பது நாடக வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளரும் நாடகக்காரருமாகிய ஞாநி.

கடவுளை மறுத்த அந்தக் கலைஞரின் மிகப் பெரும் வெற்றி எது? திருவாரூர் கே. தங்கராசு எழுதி, பல்லாண்டுகள் மேடையில் நடந்து, 1954இல் திரைப்படமாகிய ‘ரத்தக்கண்ணீர்’. செல்வச் செருக்கில் தாயையும் மனைவியையும் அலட்சியம் செய்தவன் குட்டநோய் கண்டு, பார்வை இழந்து, தெருவில் பிச்சையெடுக்கிறான். இக்கதையின் எலும்புக்கூட்டை எடுத்துப் பார்த்தால் அது புராணத்தின் எலும்புக்கூடு. செருக்குற்றவன் வீழ்கிறான், செய்த வினை உடம்பில் நோயாக முளைக்கிறது, அழிவின் விளிம்பில் அறிவு பிறக்கிறது. ஊழ்வினையை நகைத்த மேடையிலேயே ஊழ்வினையின் கணக்கு பைசா குறையாமல் தீர்க்கப்படுகிறது. நோயைப் பாவத்தின் கூலியாகக் காட்டிய அந்தப் பழைய வழக்கினால் உண்மையான நோயாளிகள் ஊரில் பட்ட இழிவு கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

இதைக் குறையாகச் சுட்டுவது ராதாவின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. நம்பிக்கையை ஒரு மாலையில் விட்டுவிடலாம். ஒரு நூலைப் படித்தும் விடலாம். குழந்தைப் பருவத்தில் ஆயிரம் இரவுகள் கேட்ட கதையின் நடை அவ்வாறு விட்டுப்போவதில்லை. எது குற்றம், எது தண்டனை, கதை எங்கே முடிய வேண்டும் என்னும் தீர்ப்பு கலைஞருக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. கடவுளை வெளியேற்றிய பிறகும் அந்த நீதிமன்றம் கலைவதில்லை.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் பாவேந்தரைச் சொல்லாமல் செல்வது முறையன்று. சுயமரியாதைக் கவிஞராக உலகறிந்த பாரதிதாசன், 1926இல் வெளியிட்ட நூல் மயிலம் முருகன்மேல் பாடிய துதியமுது. பெரியாரின் இயக்கத்தை 1920களின் இறுதியில் ஏற்ற பின்னர் அவர் முருகனைப் பாடவில்லை. ஆனால் சிந்தும் கும்மியும் விருத்தமும் அவரோடு வந்தன. துதிப்பாட்டில் பழகிய அடுக்கும் வேகமும் பின்னர் புரட்சிப்பாட்டுக்கு உதவின. 1934இல் அவர் எழுதிய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம் பெரியார் முன்னிலையில் அரங்கேறியது. கூத்திலும் பாகவத மேளாவிலும் நூற்றாண்டுகளாகத் தூண் பிளந்து கொல்லப்பட்டுவந்த இரணியன், அந்நாடகத்தில் சூழ்ச்சிக்குப் பலியான தமிழ் வீரனானான். ஊரார் அனைவரும் இரணியன் கதையை அறிந்திருந்தமையால் அத்திருப்பம் உறைத்தது. கதை தெரியாத அவையில் அது வெறும் கொலைக் கதையாக நின்றிருக்கும்.

அதே இரணியனை 2015இல் ‘உத்தம வில்லன்’ திரைப்படத்திற்குக் கமல்ஹாசன் எடுத்துக்கொண்டார். தாம் நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிவருபவர். 1954இல் பரமக்குடியில் வைணவ ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். 1960இல் வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் இறைவனை அம்மையும் அப்பனுமாக அழைத்துப் பாடும் அனாதைச் சிறுவனாகவே தமிழ்நாடு அவரை முதலில் கண்டது. பின்னர் அவர் டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் பள்ளி வழி அவ்வாறு அவரையும் வந்து சேர்ந்தது. 1996இல் தம் படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டு அவர் அக்கடனை நினைவுகூர்ந்தார்.

2008இல் வந்த ‘தசாவதாரம்’ திரைப்படத்தின் தொடக்கக் காட்சி இவ்வுரைக்குப் பெரிதும் பொருந்துவது. இரண்டாம் குலோத்துங்கன் காலம். கோவிந்தராசர் திருமேனியைக் கடலில் எறிய வந்த அரசனை எதிர்த்து, ஐந்தெழுத்தைச் சொல்லி உயிர் பிழைக்க மறுத்து, சிலையோடு கட்டுண்டு கடலில் மூழ்கும் ரங்கராஜன் நம்பியாக நடித்தவர் இந்த நாத்திகர். பாட்டு, திருவரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலியுடையது. சேக்கிழார் அமைச்சராய் இருந்து பெரியபுராணம் பாடியதும் அதே குலோத்துங்கன் காலத்தில்தான் என்பதை நினைத்தால், ஒரே அரசவையின் இரு முகங்கள் புலப்படும். நம்பாதவர் ஒருவர், நம்பியவன் உயிர் கொடுத்த வைராக்கியத்தை எங்கிருந்து எடுத்தார்? வெளியில் தேடிப் பெற்ற ஒன்றாக அது தோன்றவில்லை. வீட்டில் காதுவழி வந்த நாலாயிரத்தின் ஓசையும், பெருமாள் பெயரைச் சொல்லும்போது பெரியவர்களின் முகத்தில் வரும் மாற்றமும் நடிகரின் உடம்பில் தங்கியிருக்க வேண்டும். அப்படத்தின் முடிவில் அவர் ஏற்ற மற்றொரு பாத்திரம், கடவுள் இல்லையென்று அடித்துச் சொல்லாமல், இருந்தால் நலமாயிருக்கும் என்னும் விருப்பத்தை மெல்ல வெளியிடுகிறது.

அந்த விருப்பத்தில்தான் விலகிய கலைஞரின் இழப்பு தெரிகிறது. பக்திக் கலைஞர் அவையோரைப் பார்த்துப் பாடினாலும் அவருடைய பாட்டைக் கேட்பவன் ஒருவன் அவைக்கு அப்பால் இருக்கிறான். அரங்கில் நாலு பேரே இருந்தாலும் பாட்டு வீணாவதில்லை. நம்பிக்கையை விட்டவருக்கு அந்தக் கேட்பவன் இல்லை. அவையே அவருக்கு எல்லாம். கைதட்டல் நின்றால் அமைதி மட்டுமே மிஞ்சும். மேடையில் ராதா அவையோரை நேராக விளித்துச் சீண்டியதற்கும், கலைவாணர் அவையைச் சிரிக்கவைத்தே அணைத்துக்கொண்டதற்கும் இது ஒரு காரணமாகலாம். மேலே நோக்கிச் செல்லவேண்டிய குரல் முழுதும் எதிரே இருந்த மக்களை நோக்கித் திரும்பியது. இழப்பும் அதுவே, அவர்கள் கலையின் வேகமும் அதுவே.

இவ்வளவும் சொன்னபின் ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமயச் சூழல் கலைஞரை வளர்த்தது என்று போற்றும்போது, அந்தச் சூழலில் யார் வளர இடம் கிடைத்தது, யாருக்கு அது சிறையாயிற்று என்பதை மறைத்துவிடலாகாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்து, தேவதாசி மரபுக் குடும்பத்தில் ஆடலும் பாடலும் பயின்றவர். அவருக்குக் கோயில் தந்த கலைப்பயிற்சி அவரை அடிமைத்தனத்திற்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சியாகவும் இருந்தது. அவர் அதை உதறி வந்து, தம்மைப் போன்ற பெண்களை மீட்கப் பாடுபட்டு, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்த அம்மையாரிடம் சென்று, உமக்குச் சதிரும் சங்கீதமும் தந்த சமயத்திற்கு நன்றி சொல்லும் என்று கூறுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அவருடைய நாவலில் தாசி வீட்டின் பேச்சும் தந்திரமும் சாதகமும் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், அவர் அவ்வீட்டின் உள்ளே வளர்ந்தவர் என்பதே. நன்றி இல்லாமலும் ஒரு வளர்ப்பு ஒருவரிடம் தங்கியிருக்கும்.

நந்தனுக்கோ உள்ளே செல்லவே இடமில்லை. உள்ளே விடப்பட்டவர்தான் வெளியேற முடியும். வாசலில் நிறுத்தப்பட்டவர் விலகினார் என்று சொல்வதில் பொருளில்லை. கிந்தனாரைக் கலைவாணர் பாடியதன் ஆழம் இங்கேதான். உள்ளே இருந்து கற்ற காலட்சேபத்தை, வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு வழக்காடும் கருவியாக அவர் மாற்றினார்.

இவ்வுரை இனி அம்பத்தூருக்குத் திரும்ப வேண்டும். 1949இல் சைக்கிள் தொழிற்சாலையும், 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் இப்பகுதியில் குடியேறிய குடும்பங்கள் தத்தம் ஊர்களிலிருந்து எதையேனும் கொண்டுவந்தன. தெற்கிலிருந்து வந்தவர்களிடம் வில்லுப்பாட்டின் நினைவிருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்களிடம் கூத்தின் அடவிருந்தது. சிலர் வீட்டில் தேவாரம், சிலர் வீட்டில் கிறித்தவக் கீர்த்தனை, சிலர் வீட்டில் நாகூர்ப் பாட்டு. இத்தகைய இலக்கிய வட்டங்களில் கவிதை படிக்கும் பலர் அந்த நம்பிக்கைகளை விட்டவர்களே. விட்டபின்னும் அவர்கள் கவிதையில் சந்தம் தவறுவதில்லை. ஏனெனில் அது பாட்டியின் மடியில் கற்றது.

அவர்களுடைய பிள்ளைகளின் நிலை என்ன? பகுத்தறிவு வீடுகளில் வளரும் பிள்ளைக்குத் தேவாரம் சொல்லித் தருவதா, வேண்டாவா என்று தயங்கும் பெற்றோர் பலர். தந்தால் தாம் விட்ட நம்பிக்கையைப் பின்வாசல் வழியே கொண்டுவந்ததாகிவிடுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு. பக்தி வீடுகளிலோ வேறோர் அச்சம். கேள்வி கேட்கவிட்டால் பிள்ளை கலைவாணர் ஆகாவிட்டாலும் ராதா ஆகிவிடுவானோ என்று. இரு வீட்டுப் பிள்ளையும் இன்று கைப்பேசித் திரையின் முன் அமர்ந்திருக்க, இருவர் அச்சமும் தேவையற்றதாகிக்கொண்டிருக்கிறது. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒரு கதை வேண்டும். இரணியனை அறியாத பிள்ளைக்குப் பிரகலாதனின் பக்தியும் இல்லை. பாவேந்தரின் சினமும் இல்லை.

ஆகவே இரு வீட்டாருக்கும் சொல்லத்தக்கது ஒன்றே. பாட்டைக் கொடுங்கள், கதையைக் கொடுங்கள், கூத்து நடக்கும் இரவில் பிள்ளையை அழைத்துச் சென்று முன்வரிசையில் உட்காரவையுங்கள். அதோடு, திரைக்குப் பின்னே சென்று அட்டைக் கிரீடத்தைப் பார்க்கவும் அதற்கு உரிமை கொடுங்கள். பார்த்தபின் கைகூப்புவதா, சிரிப்பதா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர் இருக்கிறது. பூசலார் நாயனார் பொருள் இன்மையால் மனத்துக்குள்ளேயே அடிமுதல் முடிவரை கோயில் எழுப்பியது அவ்வூரில் என்பர். காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த பல்லவ மன்னன், கனவிலே செய்தி பெற்று, பூசலாரின் கோயிலைக் காண வந்தான். ஊரார் அவனுக்குக் காட்ட ஒரு செங்கல்லும் இல்லை. சேக்கிழார் கூறும் அக்கதையில் மன்னன் பூசலாரை நகைக்கவில்லை. நிலத்தில் விழுந்து வணங்கினான். கலைவாணரிடமும் ராதாவிடமும் கமலிடமும் அப்படி ஒரு கட்டடம் உள்ளே இருந்தது. கருவறையில் விளக்கு எரிந்ததா என்பது அவரவர் அறிந்தது. தூண்கள் நின்றன, அவற்றின் நடுவே நின்று அவர்கள் பாடினர், நடித்தனர், சண்டையிட்டனர். அந்தத் தூண்களை அடுத்த தலைமுறைக்குள்ளும் நிறுத்தும் வேலை இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டிலும் தொடரட்டும்.